வெறுஞ்சேணம்

உட்காருங்க சார். அந்தச் சாக்குக்கட்டு மேலயே உட்காரலாம், புதுச் சாக்குதான், இன்னும் ஒரு காய் உள்ள போகல. வத்தலக்குண்டு பஸ் இப்பத்தான் மேல போச்சு. கடைசி ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். மஞ்சு இறங்கிட்டா டிரைவர் ஆள் நடக்கிற வேகத்துலதான் உருட்டிட்டு வருவாரு. உங்களுக்கும் அதுவரைக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல. மயிலம்மா, சாருக்கு ஒரு டீ போடு. என் வீட்டுக்காரிதான் சார். டீ நல்லா இருக்கும், பேச்சுதான் கொஞ்சம் துவர்க்கும்.

கடுக்காய்மேட்டுல வெள்ளைத்தாயி காட்டை வாங்கினது நீங்கதானே? தெரியும். இந்த மலையில ஒருத்தர் காடு வாங்கினா, பத்திரம் பதியறதுக்கு முந்தி டீக்கடையில பதிஞ்சுடும். கரூர்ல கொசுவலை வியாபாரம்னு சொன்னாங்க. இங்க கொசு கிடையாது சார். அட்டைதான். அதுக்கு வலை செய்ய முடிஞ்சா செய்யுங்க, நானே முதல் ஆளா வாங்குவேன்.

என் பேரு சடையாண்டி. ஆனா அந்தப் பேரைச் சொன்னா மலையில யாருக்கும் தெரியாது. எடைக்காரர்னு கேளுங்க. இந்த ஷெட்டு, இந்தத் தராசு, இதுதான் நான். எங்க அப்பா காலத்துல கூரை மட்டும்தான் இருந்துச்சு, தகரம் நான் போட்டது.

நேராவே கேட்டுடறேன். உங்க காட்டுப் பட்டர்புரூட் காயை எனக்குப் போடுங்க. இங்க இறக்குங்க. பாலத்தடியில ஒரு ஷெட்டு இருக்கு, மத்தவங்க எல்லாம் இப்ப அங்கதான் போறாங்க, உங்களையும் கூப்பிட்டிருப்பாங்க. அங்க போக ஒரு ஓடையைத் தாண்டணும். மழைக்காலத்துல குதிரை கால் வைக்காது. என் ஷெட்டு உங்க காட்டுல இருந்து நேர் இறக்கம். நீங்க ஒருத்தர் போட்டா போதும். வேற யாரு போட்டாலும் பிரயோசனம் இல்ல, அந்தக் காட்டுக் காய் இங்க இறங்கணும். இறங்கிட்டா மத்தவங்களுக்குச் சொல்ல வாயில்ல, ஒவ்வொருத்தரா வந்துடுவாங்க. இல்லைன்னா இந்த சீசனோட சரி. வேன்காரன் சொல்லிட்டான், இனிமே காலி ஷெட்டுக்காக இந்த வளைவுல நிறுத்த மாட்டானாம். வேன் நிக்காத இடத்துல எடைக்காரனுக்கு என்ன வேலை? தராசுல நானே உட்கார்ந்து என்னையே நிறுத்துக்க வேண்டியதுதான்.

என்ன சார்? பெரிய மரத்தடியிலயா? கன்னு கொத்தா முளைச்சிருக்கா?

இல்ல, யாரும் நடல. அது வந்து... சொல்றேன். அதுக்கு வர்றதுக்கு முந்தி வேற ஒண்ணு சொல்லணும். வெளியூர்க்காரர் நீங்க, அது தெரியாம இது புரியாது. பாலத்தடிக்காரங்க வேற மாதிரி சொல்லியிருப்பாங்க. எல்லாரும் ஒரு மாதிரிதான் சொல்றாங்க. என் பக்கத்தை யாரும் கேட்டதில்ல.

மேல காட்டுக்கு ரோடு கிடையாது, பாத்திருப்பீங்க. குதிரைப்பாதைதான். காயைப் பறிச்சு ரெண்டு சாக்குல போட்டு, குதிரைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு கட்டி இறக்கணும். செவ்வாய், வெள்ளி, ரெண்டு நாள் எடை. நான் தரம் பிரிச்சு எடை போட்டு வேன்ல ஏத்துவேன். இங்க இருந்து வத்தலக்குண்டு, அங்க இருந்து மதுரை, எர்ணாகுளம், எங்கெங்கேயோ. பட்டர்புரூட் எல்லாம் மலையாளத்துக்காரன்தான் ஜூஸ் போட்டுக் குடிச்சுத் தீர்க்கிறான். நமக்கு அது வாய்ல வச்சா சோப்பு மாதிரி இருக்கும்.

குதிரை கூட ஆள் வராது. அதைக் கவனிங்க. குதிரை மட்டும் வரும். ஆள் வந்தா அன்னைக்குப் பறிப்பு போச்சே. மேல சாக்கைக் கட்டி ஒரு தட்டு தட்டினா, அது பாட்டுக்கு மணியை ஆட்டிக்கிட்டு இறங்கி, தராசு முன்னாடி வந்து நிக்கும். நான் இறக்கிட்டு, காலிச் சாக்கைச் சேணத்துல கட்டி ஒரு தட்டு தட்டினா திரும்பிப் போயிடும். மேல செல்போன் எடுக்காது. உப்பு வேணும்னா சேணத்துல ஒரு டப்பாவைக் கட்டி விடுவாங்க, நான் நிரப்பி அனுப்புவேன். குதிரைதான் எங்களுக்குப் பேச்சு.

அப்படித்தான் வெறுஞ்சேணமும். ஒருத்தர் காய் ஒரு ஷெட்டுக்குன்னு பேசிட்டா அந்த ஷெட்டுக்குத்தான். பிடிக்கலைன்னா அறுத்துக்கலாம். ஆனா நேர்ல வந்து சொல்லக் கூடாது. சொன்னா சண்டை வரும், அப்புறம் ஒரே பாதையில எப்படி நடக்கிறது? அதனால எடை நாள் அன்னைக்குக் குதிரை மேல சேணத்தை மட்டும் போட்டு, காய் இல்லாம, காலிச் சாக்குகூட இல்லாம அனுப்பி விடுவாங்க. வெறுஞ்சேணம் வந்தா எடைக்காரன் பாத்துக்கணும். ஒரு வார்த்தை பேசாமத் திருப்பி விடணும். அவ்வளவுதான், உறவு முடிஞ்சது. ஏன்னு கேக்கக் கூடாது, பின்னாடியே ஆளை அனுப்பக் கூடாது. எடைக்காரனுக்கு அவங்களை விட மனசில்லைன்னா, சேணத்துல வெத்தலை பாக்கு வச்சு அனுப்பலாம். அவங்க இறங்கி வந்தா வரலாம். எங்க அப்பாவுக்கு ரெண்டு வெறுஞ்சேணம் வந்திருக்கு. ரெண்டுக்கும் வாய் திறக்காமத் திருப்பி விட்டுட்டு, அன்னைக்குச் சோறு சாப்பிடல. மரியாதையான முறை சார் அது. யார் மூஞ்சியும் கோணாது.

டீ சூடா இருக்கா? குடிங்க.

வெள்ளைத்தாயி தனியாளு. புருசன் காபி எஸ்டேட்டுக்குன்னு கேரளா போனவன், அங்கேயே குடும்பம் ஆயிட்டான். ஒரு பையன், முருகபாண்டி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். உங்களுக்குக் காட்டை வித்தவன். அந்தக் காட்டை அவதான் மனுசன் நுழையிற மாதிரி ஆக்கினது. அந்த மரம் ஒவ்வொண்ணும் எவ்வளவு உசரம்னு பாத்தீங்கள்ல? ஆம்பளைங்களே கூலிக்கு ஏற யோசிப்பாங்க. அவ சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, தொரட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறிடுவா.

வாய்க்காரி. நான் எடை போடும்போது சொல்லுவா, "எடைக்காரரே, உங்க தராசு காலையில சாப்பிட்டுச்சா இல்லையா? எல்லார் காய்க்கும் இறங்குது, என் காய்க்கு மட்டும் இறங்க மாட்டேங்குது." நான் சொல்லுவேன், "உன்னைப் பாத்தா அதுக்கும் பயம்." சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. அவ வந்தா ஷெட்டு கலகலன்னு இருக்கும். மயிலம்மாகிட்டக் கேளுங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் எல்லாக் காட்டுக்காரங்களுக்கும் ஒரு துண்டு குடுப்பேன், சிவப்புக் கரை போட்டது. மத்தவங்க பெட்டியில வச்சுடுவாங்க. அவ மட்டும் அன்னைக்கே தலையில கட்டிக்குவா. வருசம் முழுக்க அதுதான் தலையில.

அந்த வருசம் காத்து ஜாஸ்தி. காயில எல்லாம் கறுப்பு கறுப்பாத் தடம். நான் ரெண்டு சாக்கைக் கழிவுன்னு ஓரமாத் தள்ளிட்டேன். குதிரை போய்ச் சேர்ந்ததும், கணக்குல குறையுதுன்னு அடுத்த எடைக்கு அவளே இறங்கி வந்துட்டா.

"இது என்ன கழிவு?"ன்னா.

"புள்ளி"ன்னேன்.

"புள்ளி இல்ல, காத்துல கெளை ஒரசின தழும்பு. உள்ள சதை வெண்ணெயா இருக்கும். எம் மூஞ்சியிலகூடத்தான் அம்மைத் தழும்பு இருக்கு, நான் கழிவா?"

நான் சொன்னேன், "வத்தலக்குண்டுக்காரன் உன் மூஞ்சியையா வாங்கப் போறான்?"

சும்மா சிரிக்கத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எப்பவும் அவதான் முதல்ல சிரிப்பா, அன்னைக்குச் சிரிக்கல. தலைத்துண்டை அவுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. அழல, வேர்வை. மேட்டுல இருந்து இறங்கி வந்தா வேர்க்கும்ல?

"ஒண்ணை அறுத்துப் பாருங்க"ன்னா. நான் அறுக்கல. ஒருத்தருக்கு அறுத்துப் பாத்தா எல்லாருக்கும் அறுக்கணும். "எடைக்காரன் சொன்னா சொன்னதுதான். பிடிக்கலைன்னா வெறுஞ்சேணத்தை அனுப்பு"ன்னேன். வியாபாரத்துல வர்ற பேச்சு சார். அதை ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டா எப்படி?

அவ என்னைப் பாத்தா. "அனுப்பினாத் தாங்குவீங்களா?"ன்னா. அப்புறம், "அந்தக் கழிவை நீங்களே வச்சுத் தின்னுங்க"ன்னுட்டு ரெண்டு சாக்கையும் இங்கேயே போட்டுட்டுப் போயிட்டா. அதோ, அந்த மூலையிலதான் கிடந்துச்சு.

இதை எதுக்கு விவரமாச் சொல்றேன்னா, அடுத்த எடை நாள்ல நான் என்ன நினைச்சிருப்பேன்னு நீங்க யோசிக்கணும். என் இடத்துல உட்கார்ந்து யோசிக்கணும்.

அன்னைக்கும் இதே மாதிரி மஞ்சு. அய்யாவு இங்க இருந்தான். அய்யாவு காடு ஓடைக்கு அந்தப் பக்கம், வெள்ளைத்தாயிக்கு அவன்தான் கிட்டத்து ஆளு. அன்னைக்கு வேன்லயே கீழ கல்யாணத்துக்குப் போறதுக்காக வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். மணிச் சத்தம் கேட்டுச்சு. வெள்ளைத்தாயி குதிரை மணி எல்லாருக்கும் தெரியும், கொஞ்சம் கரகரன்னு, சளி பிடிச்ச மாதிரி இருக்கும். நான் தராசுச் சங்கிலியைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சேன். மஞ்சுக்குள்ள இருந்து குதிரை வந்து நின்னுச்சு.

வெறுஞ்சேணம்.

காய் இல்ல, சாக்கு இல்ல. சேணம் மட்டும். ஷெட்டுல இருந்த எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. அத்தனை பேர் முன்னாடி, நான் வாய்விட்டுச் சொன்னதை அப்படியே செஞ்சு காட்டிட்டா. என் காது ரெண்டும் சுட்டுச்சு.

அய்யாவு கிட்டப் போய்ப் பாத்தான். "எடைக்காரரே, குதிரையை மரத்துல கட்டிப்போட்ட கயிறு அறுந்திருக்கு. அவுக்கல, அருவாளால அறுத்த மாதிரி இருக்கு"ன்னான்.

நான் சொன்னேன், "முடிச்சை அவுக்கக்கூடப் பொறுமை இல்ல அவளுக்கு. அவ்வளவு ஆத்திரம்."

"ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"முறை தெரியாதா உனக்கு? வெறுஞ்சேணத்துக்குப் பின்னாடி ஆள் போறதா? போனா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

அவனும் முறை தெரிஞ்சவன்தானே. நின்னான். கொஞ்ச நேரம் பாதையைப் பாத்தான். வேன் வந்துச்சு, ஏறிப் போயிட்டான். நான் அவன் கையைப் பிடிச்சு நிறுத்தல சார். போகணும்னு நினைச்சிருந்தா போயிருக்கலாம்ல? இப்ப என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறான்.

எங்க அப்பா செஞ்ச மாதிரியே செஞ்சேன். ஒரு வார்த்தை பேசல. ஒரு தட்டு தட்டினேன். போயிடுச்சு.

மயிலம்மா சொன்னா, "ஏங்க, வெத்தலை பாக்கு வச்சு அனுப்பியிருக்கலாம்ல? தனியாப் பொழைக்கிற பொம்பளை." அவளுக்கென்ன, டீ போடுறவளுக்கு மானம் எங்க இருந்து போகும்?

வெயில் வந்து மஞ்சு கொஞ்சம் விலகினப்ப திரும்ப மணி கேட்டுச்சு. அதே குதிரை. இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்ல சார். ஒரு தடவைதான் அனுப்புவாங்க. ரெண்டாவது தடவை எதுக்குன்னு எந்திரிச்சுப் பாத்தா, சேணத்து வாருல என் துண்டு. சிவப்புக் கரைத் துண்டு. கோணல்மாணலாக் கட்டி விட்டிருக்கு.

தீபாவளித் துண்டைத் திருப்பி அனுப்பறதுன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. உறவு முடிஞ்சதுன்னு ஒரு தடவை சொன்னது பத்தாம, நீ குடுத்ததும் வேண்டாம்னு மூஞ்சியில எறியறது. அதுலயும் அழுக்காக்கி அனுப்பியிருக்கா. ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பா, கெட்டியா, கறை. வாழைக்கறை. வாழைக்கறை காஞ்சா அப்படித்தான் இருக்கும்.

ஷெட்டுல நானும் மயிலம்மாவும் மட்டும்தான். மயிலம்மா துண்டை மோந்து பாத்தா. அவ எப்பவும் எல்லாத்தையும் மோந்து பாப்பா.

அப்பத்தான் மூலையில கிடந்த ரெண்டு சாக்கு கண்ணுல பட்டுச்சு. அவ சரக்கு அவகிட்டதானே போகணும்? என் ஷெட்டுல எதுக்கு அது? துண்டை எடுத்துக்கிட்டு ரெண்டு சாக்கையும் தூக்கிக் குதிரையில கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். கழிவைத் தின்னுன்னு என்கிட்டச் சொன்னாள்ல, நீயே தின்னுன்னு அனுப்பி விட்டேன். மயிலம்மா "வேண்டாங்க, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்"னு செருப்பை மாட்டினா. கழட்டுன்னேன். என் வீட்டு ஆள் படியேறிப் போனா அது நான் போன மாதிரி.

குதிரை மூணாவது தடவை வரல. பாத்தீங்களா, அவளுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்.

அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டேன்.

மஞ்சு ஏறுது பாருங்க. பாதை மறைஞ்சிடுச்சு. இப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? இல்லையா. சரி.

கல்யாணத்துக்குப் போன அய்யாவு ரெண்டு நாள் கழிச்சு வந்தான். வந்தவன் வீட்டுக்குப் போகாம நேரா கடுக்காய்மேட்டுக்கு ஏறியிருக்கான். ஏன்னா பாதையில கீழ இருந்தே மணிச் சத்தம் கேட்டுதாம். நடக்கிற மணி இல்ல. ஒரே இடத்துல நின்னு தலையைத் தலையை ஆட்டினா எப்படிக் கேக்கும், அப்படி.

பெரிய மரத்தடியில விழுந்து கிடந்திருக்கா. கெளை முறிஞ்சு விழுந்திருக்கு. இடுப்பு போச்சு, தலையில அடி. குதிரை பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்கு, சேணம் முதுகுலயே. சாக்குக்கட்டை அறுத்து, ஒரு சாக்கு கீழ சாஞ்சு கிடந்திருக்கு. அவ கையில அருவா. அவளைச் சுத்தித் தோலும் கொட்டையும். பட்டர்புரூட் கொட்டை. குவியலாக் கிடந்துச்சுன்னு அய்யாவு சொன்னான். கைக்கு எட்டுற தூரத்துல, ஒரே இடத்துல. நீங்க கேட்டீங்கள்ல, கன்னு கொத்தா முளைச்சிருக்குன்னு. அதுதான்.

அவன் போனப்ப உசுரு இல்ல. ஆனா உடம்பு சில்லிடலன்னு சொல்றான். அப்படி என்ன தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சான்னு எனக்குத் தெரியல.

இப்ப நான் சொல்றதை நல்லாக் கேளுங்க சார். மலையில ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டாங்க. மரத்துல இருந்து பறிச்ச பட்டர்புரூட்டு கல்லு மாதிரி இருக்கும், பல்லு இறங்காது. அன்னைக்குப் பறிச்ச காய் அவளைச் சுத்தி இறைஞ்சு கிடந்துச்சு, அதுல ஒண்ணைக்கூட அவளால தின்ன முடிஞ்சிருக்காது. அவ தின்னது நான் அனுப்புன பழம். என் ஷெட்டுல கிடந்து பழுத்தது. ரெண்டு நாள் அவ உசுரோட இருந்திருக்கான்னா அது எதனால? நான் அனுப்புன பழத்தால. வெறும் குதிரையைத் திருப்பி விட்டிருந்தா அதுவும் இல்ல. இதை ஒருத்தன், ஒரே ஒருத்தன் யோசிச்சானா?

அருமையான பழம் சார் அது. ஒரு சாக்குல மிச்சம் இருந்ததை அய்யாவு கொண்டு வந்து இங்க போட்டான், இதே இடத்துல, என் காலடியில. ஒண்ணை அறுத்துப் பாத்தேன். உள்ள வெண்ணெய் மாதிரி, ஒரு பொட்டு கறுப்பு இல்ல. எல்லாம் மேல்தோல்ல இருந்த தழும்புதான். அவகிட்டச் சொல்லலாம்னா... சரி, அதை விடுங்க.

அவங்க என்ன சொல்றாங்கன்னா, முதல்ல விழுந்தா, அப்புறம்தான் குதிரையை அனுப்பினாங்கிறாங்க. நான் சொல்றேன், முதல்ல ஆத்திரத்துல வெறுஞ்சேணத்தை அனுப்பினா, அப்புறம் மரம் ஏறினா, விழுந்தா. ஆத்திரத்துல ஏறினாக் கால் நிதானமாவா நிக்கும்? யாரு கூட இருந்து பாத்தாங்க? காலையிலேயே சேணத்தை வச்சுக் கட்டிட்டுத்தான் எல்லாரும் பறிக்க ஏறுவாங்க, பறிக்கப் பறிக்க ஏத்தலாம்னு. அது சரிதான். அதை வச்சு எதையும் சொல்லிட முடியாது.

கயிறா? கயிறு ஏன் அறுந்திருந்துச்சுன்னா... அதான் சொன்னேனே, ஆத்திரம். கீழ கிடக்கிறவளுக்கு முடிச்சு எட்டாதுதான். அய்யாவும் அதையேதான் சொன்னான். நீங்களும் அவன்கிட்டப் பேசியிருக்கீங்களா?

முருகபாண்டி திருப்பூர்ல இருந்து வந்தான். எல்லாம் முடிஞ்சு கிளம்புறப்ப இங்க வந்து, "எங்க அம்மா துண்டு உங்ககிட்ட இருக்காமே"ன்னான். மயிலம்மா துவைச்சு வச்சிருந்தா, எடுத்துக் குடுத்தா. அவன் விரிச்சுப் பாத்தான். கறை போகல. "வாழைக்கறை தம்பி, அது போகாது"ன்னேன். அவன் என்னையே பாத்தான். "எங்க காட்டுல வாழை ஏது?"ன்னான். ஏசல, அடிக்க வரல. நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டான். வேற எங்கேயாவது பட்டிருக்கும். வாழை இல்லாத மலையா இது?

இப்ப என் மனக்குறையைச் சொல்றேன். அடுத்த எடை நாள் தராசைத் துடைச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குதிரை வரல. அதுக்கடுத்த எடைக்கும் வரல. மணிச் சத்தம் எல்லாம் மேல கேக்கும், பாதை ரெண்டாப் பிரியிற கவட்டுப்பாதை வரைக்கும் வரும், அங்க இருந்து பாலத்தடிப் பக்கம் திரும்பிடும். எல்லாரும் போயிட்டாங்க. போகட்டும். ஆனா ஒரு வெறுஞ்சேணம் அனுப்பல சார். ஒருத்தர்கூட அனுப்பல. எத்தனை வருசமா அவங்க காயைத் தொட்டுத் தூக்கினவன் நான், முறைப்படி அறுத்துக்கணும்ல? அது என்ன, எடைக்காரன் செத்துட்டான்னு நினைச்சு நடந்து போறது? அய்யாவுகிட்ட பஸ் ஸ்டாப்புல வச்சுக் கேட்டேன். "இனிமே இந்த மலையில யாரும் வெறுஞ்சேணம் அனுப்பறதில்ல எடைக்காரரே. அது முடிஞ்சு போச்சு"ன்னான். அவன் யாரு முடிக்கிறதுக்கு? எங்க தாத்தா காலத்து முறை.

வெள்ளைத்தாயி குதிரையை முருகபாண்டி அய்யாவுக்கே குடுத்துட்டுப் போயிட்டான். அது கவட்டுப்பாதைக்கு வந்ததும் நிக்கும். பாலத்தடிப் பக்கம் போகாது, இந்தப் பக்கம் இறங்கப் பாக்கும். அய்யாவு இழுப்பான். செவ்வாயும் வெள்ளியும் நான் இங்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். கரகரன்னு வரும், நிக்கும், நின்னுக்கிட்டே இருக்கும். அப்புறம் தேஞ்சு போயிடும். அதுக்குள்ள என் கை தன்னால தராசுச் சங்கிலியைப் பிடிச்சிருக்கும்.

மயிலம்மா சொல்றா, அய்யாவு அந்த மணியைக் கழட்டிப் போட்டு ரொம்ப நாள் ஆச்சாம். அவளே கண்ணால பாத்தாளாம், குதிரை கழுத்துல இப்ப ஒண்ணும் இல்லையாம். இருக்கட்டும். எனக்குக் கேக்குது. செவ்வாய், வெள்ளின்னு இல்லாம மத்த நாள்லயும் இப்பக் கேக்குது. காதுக்கு வைத்தியம் பாக்கணும்.

போதும் சார், என் கதை. உங்க காரியத்துக்கு வருவோம். இதையெல்லாம் ஏன் சொன்னேன்னா, ஒளிச்சு வச்சேன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது. என் தராசுல எப்பவும் கோளாறு இருந்ததில்ல, எந்த ஆபீசரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பாருங்க. தழும்பு விழுந்த காயையும் நல்ல காயோடதான் எடுப்பேன். இப்பெல்லாம் அப்படித்தான்.

என்னது? போடுறீங்களா?

நிஜமாத்தான் சொல்றீங்களா சார்? மயிலம்மா, கேட்டியா? சார் நம்மகிட்டயே போடுறாங்களாம். வேன்காரனுக்குப் போன் போடணும். நிறுத்துடான்னு சொல்லணும். வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுக்கலாம். முதல் எடைக்கு ஒரு பூசையைப் போட்டுடலாம். நீங்க ஒண்ணுத்துக்கும் கவலைப்பட வேண்டாம், மத்தவங்களை நான் பாத்துக்கறேன், அந்தக் காட்டுக் காய் இங்க இறங்கினதைப் பாத்தா போதும்...

மரத்தைப் பாக்கவா? நான் மேல வரணுமா? இல்ல சார், முட்டி வலி. மேடு ஏற முடியறதில்ல. இல்ல, குதிரையிலயும் வேண்டாம். நீங்களே பறிக்கச் சொல்லுங்க, காம்போட பறிக்கணும், அது ஒண்ணுதான். நான் வரல.

வேற என்ன? சொல்லுங்க.

குதிரையைத் தனியா இறக்கி விடறதா? அது பழக்கம்தான், எல்லாரும் அப்படித்தான் விடறாங்க, நான்தான் சொன்னேன் உங்களுக்கு. ஆனா நீங்க ஆளோட அனுப்புங்க. கூட யாராவது வரட்டும். ஆள் தட்டுப்பாடுதான், தெரியும். கிழவன் கிழவியா இருந்தாலும் பரவாயில்ல, ஊமையா மட்டும் இருக்கக் கூடாது. நான் ஏதாவது கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லணும். மேல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேப்பேன். இருக்காங்கன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் சாக்கை இறக்குவேன்.

இல்ல சார், கட்டாயமா. ஒரு நாளும் குதிரையை மட்டும் அனுப்பிடாதீங்க. ஆள் கிடைக்கலைன்னா அன்னைக்கு விட்டுடுங்க. வேன் காலியாப் போகட்டும், என் ஷெட்டு மூடிட்டாக்கூடப் பரவாயில்ல. காய் மரத்துலயே கிடந்து அழுகட்டும்.